அமெரிக்கப் படையிலிருந்து மோசமான டிஸ்சார்ஜோடு வெளியே வந்தவர்கள் மறுபடி சேர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்க ராணுவத்திலோ கடற்படையிலோ இருந்துவிட்டு, ஒரு தகராறிலோ, போதைப்பொருள் சோதனையிலோ, சொல்லாமல் கொள்ளாமல் முகாமை விட்டுப் போனதிலோ வெளியே அனுப்பப்பட்டவர்கள் நிறையப் பேர் சில வருஷம் கழித்து மறுபடி சேர ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை, சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. ஆனால் பலர் என்ன செய்கிறார்கள் என்றால், டிஸ்சார்ஜை, அதாவது பணியிலிருந்து விடுவித்ததன் தரத்தை, ‘ஹானரபிள்’ (மதிப்பானது) ஆக்கிக் கொடுங்கள் என்று மட்டும் மனு போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். மனு ஜெயித்து, புதுக் காகிதத்தோடு படைக்கு ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டரிடம் போய் நின்றால் அவர் கண் நேராகப் போவது, மறுபடி சேரலாமா என்பதைக் காட்டும் மறுசேர்க்கைக் குறியீட்டுக்குத்தான். அது இன்னும் 4 (சேர்க்கக் கூடாது) என்றே இருந்தால் அங்கேயே பேச்சு முடிந்துவிடும். டிஸ்சார்ஜின் பெயர் மாறுவது வேறு, திரும்பச் சேரத் தகுதி கிடைப்பது வேறு. இரண்டையும் சேர்த்து, அதைக் கொடுக்க அதிகாரம் உள்ள இடத்தில் கேட்க வேண்டும்.

முதல் வேலை: டிடி 214-ஐ வரிவரியாகப் படிப்பது

படையை விட்டு வரும்போது கையில் கொடுக்கும் டிடி 214 படிவத்துக்குப் பல பிரதிகள் உண்டு. ‘மெம்பர் 1’ என்று போட்ட பிரதியில் வெளியேறிய காரணம் இருக்காது, ‘மெம்பர் 4’ பிரதியில்தான் எல்லாம் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு அடிப்பகுதிக்கு வாருங்கள். 24-ஆம் கட்டத்தில் பணியின் தரம், 25-இல் எந்த விதியின் கீழ் அனுப்பினார்கள் என்பது, 26-இல் வெளியேறிய காரணத்துக்கான குறியீடு (மூன்று எழுத்து), 27-இல் மறுசேர்க்கைக் குறியீடு, 28-இல் காரணத்தை வார்த்தையிலே எழுதியிருப்பார்கள். இந்த ஐந்தும் ஒன்றோடொன்று கோர்த்தவை. 26-இல் ‘போதைப்பொருள்’ என்று பொருள்படும் குறியீடு இருந்தால் 27-இல் வருவது பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமையும். அதனால் ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை விட்டுவிட்டால் காகிதம் பாதி பழசாகவே நிற்கும்.

தரத்தைப் பொறுத்தவரை, மேலிருந்து கீழாக ஹானரபிள், ஜெனரல், அதர் தன் ஹானரபிள் என்று மூன்று நிர்வாக வகைகள். அதற்கும் கீழே பேட் கண்டக்ட், டிஸ்ஹானரபிள் என்று இரண்டு, இவை ராணுவ நீதிமன்றத் தண்டனையாக மட்டுமே வரும். பயிற்சிக் காலத்திலேயே வெளியேறியவர்களுக்கு ‘தரம் குறிக்கப்படவில்லை’ என்று போட்டிருக்கும். அது கெட்ட டிஸ்சார்ஜ் கிடையாது, ஆனால் கூடவே வரும் குறியீடு மறுசேர்க்கைக்குத் தடையாக இருக்கலாம்.

இப்போது 27-ஆம் கட்டம், அதாவது ஆர்ஈ எனப்படும் மறுசேர்க்கைக் குறியீடு. ஆர்ஈ-1 என்றால் பொதுவாகத் தடையில்லை. ஆர்ஈ-3 என்றால் தடை உண்டு, ஆனால் வேவர் எனப்படும் விலக்கு வாங்கலாம். ஆர்ஈ-4 என்றால் சேர்க்க மாட்டார்கள். விமானப்படையில் எண்ணோடு ஒரு எழுத்தும் சேர்ந்து வரும், அங்கே 2-இல் தொடங்கும் குறியீடுகளும் தடைதான். ஒவ்வொரு படையும் தன் குறியீட்டைத் தன் வழியில் வைத்திருக்கிறது, அதனால் கடற்படைக்காரர் சொன்ன விளக்கத்தை ராணுவக் காகிதத்துக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

உங்களுக்கு வாரியமே தேவைப்படாமல் போகலாம்

டிஸ்சார்ஜை மாற்றக் கேட்கும் மனுக்களை விசாரிக்க வாரியங்கள் இருக்கின்றன. ஆனால் குறியீடு 3 என்றால் நேராக ரெக்ரூட்டரைப் பாருங்கள். விலக்குக்கு வழி இருக்கிறதா என்று அவரே பார்ப்பார். இதில் மனு, காத்திருப்பு எதுவும் வேண்டாம். ஜெனரல் டிஸ்சார்ஜும் ஆர்ஈ-3-உம் வைத்துக்கொண்டு முதலில் வாரியத்துக்கு ஓடி ஒரு வருஷத்துக்கு மேல் போக்குவதைவிட, ரெக்ரூட்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது. ஒரு ரெக்ரூட்டர் முடியாது என்றால் இன்னொருவரைப் பாருங்கள். விலக்கு கொடுக்கும் மனநிலை ஆள் தேவையைப் பொறுத்து ஏறி இறங்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 10, பிரிவு 508-இன்படி, கடைசித் தவணையில் நேர்மையாகவும் விசுவாசமாகவும் பணி செய்யாதவரை மறுபடி சேர்க்கக் கூடாது. ஆனால் அதே பிரிவு, வெளியே வந்த பிறகு அவர் நடத்தை நன்றாக இருந்தால் அந்தந்தப் படையின் செயலர் அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. வெளியே வந்த பிறகான உங்கள் வாழ்க்கைக்குச் சட்டத்திலேயே இவ்வளவு மதிப்பு இருக்கிறது, அதை நிரூபிக்கும் காகிதங்களை இன்றைக்கே சேர்க்க ஆரம்பியுங்கள். பிரிவு 505-இன்படி வயது உச்சவரம்பு 42, படைகள் அதற்குள் தங்கள் வரம்பை வைத்துக்கொள்ளும், முன்பு பணி செய்த வருஷங்களைக் கழித்துக் கணக்கிடும் வழக்கமும் உண்டு. மனு முடிவதற்குள் வயது தாண்டிவிடுமா என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள்.

எந்த வாரியம்?

இரண்டு வாரியங்கள் உண்டு, இங்கேதான் பெரும்பாலோர் வழி தவறுகிறார்கள்.

ஒன்று டிஸ்சார்ஜ் ரிவியூ போர்டு. படிவம் டிடி 293. டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து 15 வருஷத்துக்குள் போட வேண்டும். தரத்தையும் காரணத்தையும் மாற்றலாம். பொது ராணுவ நீதிமன்றம் கொடுத்த தண்டனையைத் தொடவே முடியாது. சிறப்பு ராணுவ நீதிமன்றம் கொடுத்த பேட் கண்டக்டைக் கருணை அடிப்படையில் மட்டும் பார்க்கும். கடற்படை, மரைன் இரண்டுக்கும் ஒரே வாரியம்தான், அதற்கு மறுசேர்க்கைக் குறியீட்டை மாற்றும் அதிகாரம் இல்லை. மறுபடி சேர வேண்டும் என்பதற்காக மட்டும் தரத்தை உயர்த்தச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை என்று அந்த வாரியம் தன் தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப எழுதுகிறது. ராணுவ வாரியம் காரணத்தை மாற்றும்போது குறியீட்டையும் சேர்த்து மாற்றுவது உண்டு.

இன்னொன்று ஆவணத் திருத்த வாரியம். படிவம் டிடி 149. உறுப்பினர்கள் சிவிலியன்கள். இவர்களால் டிடி 214-இல் உள்ள எதையும் மாற்ற முடியும், மறுசேர்க்கைக் குறியீடு உட்பட. பிழை அல்லது அநீதி தெரியவந்த நாளிலிருந்து 3 வருஷம் என்பது கெடு, ஆனால் நீதியின் பொருட்டு அதைத் தளர்த்த வாரியத்துக்கு அதிகாரம் உண்டு, தாமதத்துக்கான காரணத்தை மனுவில் எழுதிக் கேட்க வேண்டும். ராணுவ நீதிமன்றம் கொடுத்த டிஸ்சார்ஜாக இருந்தால் இவர்களும் தண்டனையைக் கருணை அடிப்படையில் குறைக்க மட்டுமே முடியும், தீர்ப்பை ரத்து செய்ய முடியாது.

15 வருஷத்துக்குள் இருப்பவர் தர மாற்றம் கேட்டுத் திருத்த வாரியத்துக்கு நேராகப் போனால், முதலில் டிஸ்சார்ஜ் ரிவியூ போர்டுக்குப் போய்விட்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள். ஆகவே வரிசை இதுதான்: தரமும் காரணமும் மாற வேண்டியவர்கள் டிடி 293-இல் தொடங்குங்கள், அதன் பிறகும் குறியீடு தடையாக நின்றால் டிடி 149. தரம் ஏற்கெனவே ஹானரபிள், குறியீடு மட்டும் 4 என்பவர்கள் (இப்படியும் நிறையப் பேர் இருக்கிறார்கள்) நேராக டிடி 149 போடலாம்.

காகிதங்கள்

மனு எழுதுவதற்கு முன் உங்கள் முழுப் பணிக் கோப்பையும் வாங்குங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்.எஃப். 180 படிவத்தை அனுப்பியோ, ஆன்லைனிலோ கேட்கலாம். டிடி 214 மட்டும் போதாது, வெளியேற்ற நடவடிக்கைக் கோப்பு மொத்தமும் வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கேளுங்கள். கமாண்டர் கொடுத்த நோட்டீஸ், நீங்கள் கையெழுத்துப் போட்ட உரிமை விவரம், சிறு தண்டனைகளின் பதிவு, ஆண்டு மதிப்பீடுகள், பதக்கங்கள், மருத்துவக் குறிப்புகள் எல்லாம் வரட்டும். வயதான தந்தைக்காகவோ தாத்தாவுக்காகவோ கேட்பவர்கள் கவனிக்க: 1973 ஜூலை 12-இல் அந்த மையத்தில் நடந்த தீ விபத்தில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் போய்விட்டன. 1960-க்கு முன் வெளியே வந்த ராணுவத்தினர் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அதில் அடக்கம். அப்படிப்பட்டவர்கள் வேறு இடங்களிலிருந்து சான்று திரட்ட வேண்டியிருக்கும்.

கோப்பு வந்ததும் இரண்டு கேள்விகளோடு படியுங்கள். அவர்கள் தங்கள் விதிப்படி நடந்தார்களா? உரிய நோட்டீஸ் கொடுத்தார்களா, வக்கீலைப் பார்க்க அனுமதித்தார்களா, விசாரணை வாரியம் கேட்கும் உரிமை இருந்தும் மறைத்தார்களா என்று பாருங்கள். அடுத்து, விதிப்படியே நடந்திருந்தாலும் தண்டனை நியாயமா? அதே தப்புக்கு மற்றவர்களுக்கு என்ன கொடுத்தார்கள், அதற்கு முன் உங்கள் பணி எப்படி இருந்தது, இன்றைய விதிகளில் அதே தப்புக்கு அதே முடிவு வருமா? முதல் கேள்வி முறை சார்ந்தது, இரண்டாவது நியாயம் சார்ந்தது. வாரியம் இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கும், உங்கள் மனுவிலும் தனித்தனியாக எழுதுங்கள். அரசு தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும் என்ற அனுமானத்தோடுதான் வாரியம் ஆரம்பிக்கிறது, அதை உடைக்கும் பாரம் உங்கள் மேல்.

அப்புறம், வாரியங்களின் பழைய தீர்ப்புகள் பெயர்களை நீக்கிவிட்டு ஆன்லைனில் பொதுவில் இருக்கின்றன. உங்கள் குறியீட்டையும் காரணத்தையும் தேடி, ஜெயித்த மனுக்கள் சிலதையும் தோற்ற மனுக்கள் சிலதையும் படியுங்கள். ஒரு வாரம் இதற்குச் செலவழித்தால் வாரியம் எந்த மாதிரி சான்றுக்கு அசைகிறது என்பது பிடிபடும். வக்கீல் செலவு செய்ய முடியாதவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

உங்களுக்குச் சாதகமான சுற்றறிக்கைகள்

பாதுகாப்புத் துறை கடந்த சில வருஷங்களில் வாரியங்களுக்குக் கொடுத்த அறிவுறுத்தல்கள் பல பேருடைய கதையை மாற்றியிருக்கின்றன. 2014 செப்டம்பரில் ஹேகல் சுற்றறிக்கை வந்தது, போர் அதிர்ச்சிக்குப் பின்னான மன உளைச்சல் (பி.டி.எஸ்.டி.) இருந்தவர்கள் மனுவைத் தாராளமாகப் பார்க்கச் சொன்னது. 2017 ஆகஸ்ட் 25-இல் வந்த கர்ட்டா சுற்றறிக்கை அதைத் தலைக்காயம், மற்ற மனநலக் குறைகள், பாலியல் தாக்குதல், பாலியல் தொல்லை வரை விரித்தது. அது நான்கு கேள்விகளை வாரியத்தின் முன் வைக்கிறது: அப்படி ஒரு நிலை அல்லது அனுபவம் இருந்ததா, அது பணிக் காலத்திலா, அது அந்தத் தப்பை விளக்குகிறதா அல்லது குறைக்கிறதா, அது டிஸ்சார்ஜை விட எடை கூடியதா? உங்கள் விஷயம் இதில் வந்தால் மனுவை அந்த நான்கு கேள்விகளுக்கான நான்கு பதில்களாகவே எழுதிவிடுங்கள். படிக்கிறவர்கள் அந்த வரிசையில்தான் யோசிப்பார்கள். ஹானரபிள் வாங்க ஒரு குறையும் இல்லாத பணி தேவையில்லை என்பதையும் அந்தச் சுற்றறிக்கை சொல்கிறது.

2018 ஜூலை 25-இல் வந்த வில்கி சுற்றறிக்கை மனநலம் எதுவும் இல்லாதவர்களுக்கும் பயன்படும். எவ்வளவு காலம் ஆகிவிட்டது, தப்பை ஒப்புக்கொள்கிறாரா, வெளியே எப்படி வாழ்ந்திருக்கிறார், நற்சான்று கொடுப்பவர்கள் யார், இன்றைய அளவுகோலில் தண்டனை அதிகமா என்றெல்லாம் பார்க்கச் சொல்கிறது.

ஒருபாலீர்ப்பாளர் என்பதற்காக வெளியேற்றப்பட்டவர்களுக்குத் தனி வழி உண்டு. அந்தத் தடை 2011 செப்டம்பர் 20-இல் நீங்கியது. அதே நாள் வந்த அறிவுறுத்தல், வேறு குற்றம் எதுவும் சேராத நிலையில் தரத்தை ஹானரபிள் ஆக்கவும், காரணத்தை ‘செயலரின் அதிகாரம்’ என்று (தப்பு எதையும் சுட்டாத பொதுவான காரணம்) மாற்றவும், மறுசேர்க்கைக் குறியீட்டைச் சேரத் தகுந்ததாக மாற்றவும் சொன்னது. மூன்றையும் ஒன்றாகத் திருத்துவது எப்படி இருக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம், மற்றவர்களும் தங்கள் மனுவில் இதே மூன்றையும் இதே மாதிரி கேட்கலாம்.

கோவிட் தடுப்பூசி போடாததால் வெளியேறியவர்கள் 8,000-க்கும் மேல். அந்தக் கட்டாயம் 2021 ஆகஸ்டில் வந்து 2023 ஜனவரியில் நீங்கியது, 2025 ஜனவரி 27-இல் அவர்களைத் திரும்பச் சேர்க்க அதிபரின் ஆணையும் வந்தது. அவர்கள் சாதாரண வரிசையில் நிற்காமல் அந்த ஆணையைச் சுட்டிக்காட்டி மனு போட வேண்டும்.

மறுபடி சேர விரும்புகிறவர்களுக்கு ஒரு சிக்கல்

இதைச் சொல்லாமல் விட்டால் பலருக்குப் பாதிப்பு. பி.டி.எஸ்.டி.-யைக் காரணம் காட்டி ஜெயிப்பது எளிது என்று கேள்விப்பட்டு எல்லோரும் அந்த வழியில் போகிறார்கள். ஓய்வூதியமும் மருத்துவமும் மட்டும் வேண்டுமென்றால் சரி. ஆனால் சீருடை மறுபடி போட வேண்டுமென்றால், அதே பி.டி.எஸ்.டி. வரலாறு சேர்க்கைக்கான மருத்துவ விதிகளில் தகுதியின்மையாக இருக்கிறது. நீங்களே சான்றிதழோடு நிரூபித்த நோய் மருத்துவப் பரிசோதனையில் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும். வி.ஏ. எனப்படும் முன்னாள் படைவீரர் நலத்துறையிடம் ஊனமுற்றோர் மதிப்பீடு வாங்கியவர்களுக்கும் இதே கதைதான். மருத்துவ விலக்கு என்று ஒன்று உண்டு, ஆனால் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

அதற்காக உண்மையிலேயே நோய் இருப்பவர் அதை மறைக்கச் சொல்லவில்லை. நோய்க்கு முதலில் வைத்தியம், பட்டாளம் அப்புறம்தான். முறைப் பிழையிலோ, தண்டனை அதிகம் என்பதிலோ, வெளியே வந்த பிறகான நல்ல நடத்தையிலோ வலுவான வாதம் இருந்தால் அதை முன்னால் வைத்து மனு எழுதுங்கள், மனநல வாதம் தேவைப்பட்டால் மட்டும் சேருங்கள் என்றுதான் சொல்கிறேன். இதை முடிவு செய்யும் முன் ஒரு வக்கீலிடம் பேசியே ஆக வேண்டும்.

மனு எழுதுவது

முதல் பக்கத்திலேயே என்ன வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்: தரம் இப்படி மாற வேண்டும், 28-இல் உள்ள காரணம் ‘செயலரின் அதிகாரம்’ ஆக வேண்டும், 26-இல் உள்ள குறியீடு அதற்கேற்ப மாற வேண்டும், 27-இல் ஆர்ஈ-1 வேண்டும், அது முடியாவிட்டால் ஆர்ஈ-3. அந்தக் கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். 4-இலிருந்து 1-க்கு மாற்றத் தயங்கும் வாரியம் 3-க்கு மாற்ற ஒத்துக்கொள்ளலாம், 3 கிடைத்தாலே ரெக்ரூட்டர் வழி திறக்கிறது.

அடுத்து நடந்ததைச் சொல்லுங்கள், சின்னதாக, நேராக. செய்த தப்பைச் செய்தேன் என்று எழுதுங்கள். கமாண்டரைத் திட்டி மூன்று பக்கம் எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. கூட இருந்தவர்கள், மேலதிகாரிகள், இப்போதைய முதலாளி, கோயில் அல்லது சர்ச் ஆட்கள் கொடுக்கும் கடிதங்களில், உங்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தே எழுதுகிறார்கள் என்பது தெரிய வேண்டும், ‘நல்ல பையன்’ என்று மட்டும் எழுதிய கடிதத்துக்கு மதிப்புக் குறைவு. படிப்புச் சான்று, வேலைச் சான்று, போலீஸ் பதிவு எதுவும் இல்லை என்ற சான்று, போதைப்பழக்கத்திலிருந்து மீண்டிருந்தால் அதற்கான பதிவு எல்லாவற்றுக்கும் எண் போட்டு இணையுங்கள், மனுவில் எந்த வரிக்கு எந்த இணைப்பு என்று குறியுங்கள்.

உதவி இலவசமாகக் கிடைக்கும். அமெரிக்கன் லீஜன் போன்ற சங்கங்களின் பிரதிநிதிகள், சட்டக் கல்லூரிகள் முன்னாள் படைவீரர்களுக்காக நடத்தும் சட்ட உதவி மையங்கள், தேசிய படைவீரர் சட்டச் சேவைத் திட்டம் ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன. வி.ஏ. இணையதளத்தில் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் எந்தப் படிவம், எந்த முகவரி என்று சொல்லும் ஒரு கருவியும் இருக்கிறது. ஆறு மாதத்தில் தானாகவே ஹானரபிள் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி ஒன்று எந்தப் படையிலும் கிடையாது.

காத்திருப்பும் நேரில் போவதும்

டிடி 293-இல், காகிதங்களை மட்டும் பார்க்கட்டும் என்றோ நேரில் பேசுகிறேன் என்றோ தேர்ந்தெடுக்கலாம். முதலில் காகித வழியில் கேட்டுத் தோற்றால் 15 வருஷத்துக்குள் நேர் விசாரணை கேட்கும் வாய்ப்பு இன்னும் மிச்சம் இருக்கும், ஆகவே பொதுவாக அந்த வரிசை லாபம். நேரில் போகிறவர்கள் நல்ல உடையில், பதில்களைப் பழகிவிட்டுப் போங்கள். வாரிய உறுப்பினர்கள் உட்கார்ந்து கேட்பார்கள், சங்கடமான கேள்வியும் வரும், அதற்கு உண்மையைச் சொல்வதுதான் உங்களைக் காப்பாற்றும். திருத்த வாரியத்தில் நேர் விசாரணை அரிது.

திருத்த வாரியம் 90 சதவீத மனுக்களைப் பத்து மாதத்துக்குள்ளும், எல்லாவற்றையும் 18 மாதத்துக்குள்ளும் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பி வேலையை விட்டுவிட்டு உட்கார வேண்டாம்.

தோற்றால்? புதுச் சான்று இருந்தால் திருத்த வாரியம் மறுபரிசீலனை செய்தே ஆக வேண்டும், அது சட்டம். 2019 டிசம்பர் 20-க்கோ அதற்குப் பிறகோ டிஸ்சார்ஜ் ஆனவர்களுக்கு, இரண்டு வாரியமும் முடிந்த பின் 365 நாளுக்குள் போக டிஸ்சார்ஜ் மேல்முறையீட்டு வாரியம் என்று ஒன்று உண்டு, அங்கே புதுச் சான்று எடுக்க மாட்டார்கள், இருக்கிற கோப்பைத்தான் பார்ப்பார்கள். அதற்கும் மேல் ஃபெடரல் நீதிமன்றம், ஆறு வருஷக் கெடு, வக்கீல் இல்லாமல் போக வேண்டாம்.

குடியுரிமையில்லாமல் சேர்ந்தவர்கள்

கிரீன் கார்டு இல்லாத சில வெளிநாட்டவரையும் படையில் சேர்க்க 2009-இல் தொடங்கிய மாவ்னி திட்டத்தில் தேவைப்படும் மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது, அந்த வழியில் போனவர்களும் கிரீன் கார்டோடு சேர்ந்தவர்களும் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். படைப்பணி மூலம் குடியுரிமை வாங்கியவர், ஐந்து வருஷ நல்ல பணியை முடிக்கும் முன் அதர் தன் ஹானரபிளில் வெளியேறினால் அந்தக் குடியுரிமையை ரத்து செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு டிஸ்சார்ஜ் மனு மறுசேர்க்கையைவிடப் பெரிய விஷயம், குடியேற்ற வக்கீலும் ராணுவ வக்கீலும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

ஜெயித்த பிறகு

புது டிடி 214 அல்லது திருத்தத்துக்கான டிடி 215 வரும். 24 முதல் 28 வரை நீங்கள் கேட்டபடி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். வாரியத் தீர்ப்பில் இருப்பது படிவத்தில் விட்டுப்போயிருந்தால் உடனே எழுதித் திருத்தச் சொல்லுங்கள். பிறகு ரெக்ரூட்டரிடம் படிவத்தோடு வாரியத் தீர்ப்பின் நகலையும் கொடுங்கள். மருத்துவப் பரிசோதனையும் பின்னணி விசாரணையும் மறுபடி நடக்கும்.

பழைய பணியையோ பழைய டிஸ்சார்ஜையோ மறைக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், ரெக்ரூட்டரே சொல்லலாம். கேட்காதீர்கள். மறைத்துச் சேர்வது ராணுவச் சட்டத்தின் 104ஏ விதியில் குற்றம், பிடிபட்டால் இத்தனை பாடுபட்டு வாங்கிய நல்ல பெயரும் போய், இந்தத் தடவை நீதிமன்றம் வழியாகவே வெளியே வர வேண்டியிருக்கும். எழுதச் சொல்லும் ஒவ்வொரு கட்டத்திலும் நடந்ததை எழுதி, பக்கத்தில் வாரியத் தீர்ப்பின் எண்ணையும் தேதியையும் குறித்துவிடுங்கள்.